ஒளித்து வைத்தவர் காட்டும் ஜப்பான்

டோக்கியோ மாநகரில் சுமிதா நதியைக் கிழக்கே கடந்து சென்றால், கால்வாய்களும் அவற்றின்மேல் சின்னஞ்சிறு பாலங்களும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஃபுககாவா என்ற பழைய பேட்டை வரும். அந்தப் பேட்டையின் பிரதான ஆலயமாகிய தொமியோகா ஹாச்சிமானின் நுழைவாயிலுக்கு அருகில், கையில் தடியுடன் அடியெடுத்து வைக்கும் கோலத்தில் ஒரு முதியவரின் சிலை நிற்கிறது. அவர் பெயர் இனோ தாதாதாகா. சாவாரா என்ற ஊரில் அரிசி மது வடித்தும் தானிய வியாபாரம் செய்தும் நொடித்துக் கிடந்த குடும்பத்தைச் செழிப்பாக்கி, 50 வயதை எட்டிய தறுவாயில் பொறுப்புகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வானசாஸ்திரம் கற்கும் ஒரே நோக்கத்துடன் தலைநகருக்கு வந்து, தம்மைவிட 19 வயது இளையவரான ஓர் ஆசிரியரிடம் சிஷ்யராக அமர்ந்தவர் அவர். 1800-ஆம் ஆண்டில், 55 வயதில், ஃபுககாவாவிலிருந்த தம் வீட்டிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்பட்ட அவர், அந்த முதற்பயணத்தில் காலடிகளை எண்ணியே தூரத்தை அளந்தார். அதையும் சேர்த்து 1816 வரையில் பத்து முறை அளவைப் பயணம் நடத்தி, ஜப்பானின் கடற்கரை முழுவதையும் காகிதத்தில் இறக்கினார். அவருடைய மகா வரைபடம் 1821-இல் அரசாங்கத்திடம் சமர்ப்பிக்கப்பட்டபோது அவர் காலமாகி மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன. அளவைக்குப் புறப்படுமுன் இந்த ஆலயத்தில் வணங்கிவிட்டுச் செல்வது அவருடைய வழக்கம் என்பதால்தான் சிலையை இங்கே நாட்டியிருக்கிறார்கள்.

சென்ற நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு அந்தச் சிலையின் கீழே என்னை வந்து நிற்கச் சொன்னவர், அச்சுக்கூடத்தில் நெடுங்காலம் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்ற ஒரு ஜப்பானிய நண்பர். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் தண்ணீர், இரண்டு சோற்று உருண்டைகள், ஒரு கைவிளக்கு, ஓர் இடுக்கி, ஒரு பென்சில் — இவ்வளவே அவருடைய சாமான்கள். சிலைக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, “இவர் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே நடந்தார், யாரோ குறித்து வைத்த புள்ளியைத் தேடிக்கொண்டு நாம் நடக்கப்போகிறோம்” என்றார். ஜியோகேச்சிங் என்னும் பொழுதுபோக்குக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பின்னால் எங்கும் கேட்டதில்லை.

பூமி என்று பொருள்படும் ‘ஜியோ’ என்ற கிரேக்கச் சொல்லையும், வேட்டைக்காரர்களும் வழிப்பிரயாணிகளும் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வதற்காக மறைவாக வைத்துச் செல்லும் சேமிப்பைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்துக் கட்டிய பெயர் இது. ஒருவர் ஓர் இடத்தில் ஒரு சிறு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை அளவுகளை உலகறிய வெளியிடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைக் கைபேசியிலோ ஜி.பி.எஸ். கருவியிலோ ஏற்றிக்கொண்டு, அந்த இடத்துக்குப் போய், பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் ஏட்டில் தேதியும் தம் புனைபெயரும் எழுதி, இருந்த இடத்தில் இருந்தபடியே அதைத் திரும்ப வைத்துவிட்டு வருகிறார்கள். பெட்டி பெரிதாயிருந்தால் உள்ளே சிறு பொம்மை, நாணயம், சாவிக்கொத்து முதலிய அற்பமான சாமான்கள் கிடக்கும். ஒன்றை எடுத்துக்கொள்பவர் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். பரிசு, பந்தயம், நடுவர் எதுவுமில்லாத ஒரு விளையாட்டு.

இதன் பிறப்பு ஜப்பானில் அன்று, அமெரிக்காவில். அமெரிக்க ராணுவத்துக்குச் சொந்தமான ஜி.பி.எஸ். விண்கோள்களின் சமிக்ஞையில், பிறர் அதைத் துல்லியமாகப் பயன்படுத்திவிடலாகாது என்ற எண்ணத்துடன் ஒரு பிழையை வேண்டுமென்றே கலந்து அனுப்பி வந்தார்கள். அதனால் பொதுமக்களின் கருவிகள் காட்டும் இடம் 100 மீட்டர் வரையில் தவறிப்போகும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவின்படி அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகத்திலுள்ள கருவிகளெல்லாம் பன்மடங்கு துல்லியம் பெற்றன. அதைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில், மே 3-ஆம் தேதி டேவ் அல்மர் என்ற கணினி நிபுணர், ஓரிகான் மாகாணத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கருகில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதற்குள் ஒரு குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரைப் பருப்பு ஆகியவற்றை இட்டு, அதன் எண்களை வெளியிட்டார். சில நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று 190-க்கு மேற்பட்ட நாடுகளில் முப்பது லட்சத்துக்கு அதிகமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

பெட்டி என்று நான் சொன்னாலும் அவற்றில் பல ரகங்கள் உண்டு. சில, துப்பாக்கி ரவை வைக்கும் இரும்புப் பெட்டியளவு பெரியவை; சில, விரல் நுனியில் நிற்கும் காந்த டப்பிகள். நேரே போய் எடுப்பது ஒரு வகை. ஓரிடத்தில் கிடைக்கும் துப்பைக் கொண்டு அடுத்த இடத்துக்கும் அங்கிருந்து மூன்றாவது இடத்துக்கும் போவது இன்னொரு வகை. வீட்டில் உட்கார்ந்து புதிரொன்றை விடுவித்தால்தான் இடமே தெரியவரும் என்பது வேறொரு வகை. தேடுவதன் சிரமத்துக்கும் நிலத்தின் கரடுமுரடுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பு இடுவார்கள். இரண்டும் ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் எட்டி எடுக்கலாம். நிலத்துக்கு ஐந்து என்றால் படகோ கயிறோ வேண்டியிருக்கும். ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் தூரம் இருத்தல் வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது. விவரம் அறியாத வழிப்போக்கர்களை, ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த சொல்லால் ‘மகிள்’ என்று குறிப்பிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதுதான் ஆட்டத்தின் சாமர்த்தியம்.

இந்த அமெரிக்க விளையாட்டு ஜப்பானிய மண்ணில் வேரூன்றியதில் எனக்கு வியப்பு ஏதுமில்லை. ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது என்பது அந்நாட்டாருக்கு அன்றாட வாழ்க்கையிலேயே பழகிப்போன காரியம். நம் ஊர்களில் தெருவுக்குப் பெயருண்டு, வீட்டுக்கு எண்ணுண்டு, தெருவோடு போனால் எண்கள் வரிசையாக வரும். ஜப்பானிலோ பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரத்தைப் பகுதிகளாகவும், பகுதிகளை மனைக்கட்டுகளாகவும் பிரித்து, கட்டுக்கு எண் கொடுத்து, கட்டைச் சுற்றி வந்து வீடுகளுக்கு எண்ணிட்டார்கள். அதற்கு முன்போ, மனை பதிவான வரிசையே எண்ணாக இருந்தபடியால் அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எண்கள் அமைந்திருந்தன. ஆகவே அழைப்பிதழோடு கையால் வரைந்த படமொன்றை வைத்து அனுப்புவதும், ‘கோபான்’ என்னும் தெருமுனைப் போலீஸ் சாவடியில் நுழைந்து வழி கேட்பதும், அங்குள்ள காவலர் பெரிய வரைபடத்தை விரித்து விரலால் காட்டுவதும் சர்வசாதாரணம். படம் பார்த்து நடக்கும் பழக்கம் இரத்தத்தில் ஊறிய ஜனங்கள் என்றே சொல்லலாம். வானத்திலும் தங்களுக்கென்று வழிகாட்டிகளை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஏவிய முதல் விண்கோளுக்கு, ‘வழிகாட்டல்’ என்று பொருள்படும் மிச்சிபிக்கி என்ற பெயரை வைத்தார்கள்; 2018 நவம்பரில் நான்கு விண்கோள்கள் சேர்ந்து பணிபுரியத் தொடங்கின. ஒன்றாவது எப்போதும் ஜப்பானின் உச்சி வானத்துக்கு அருகில் நிற்கும்படி அவற்றின் பாதையை வகுத்திருப்பதால், உயர்ந்த கட்டடங்களும் செங்குத்தான மலைகளும் வானத்தை மறைக்கும் இடங்களிலும் சமிக்ஞை நேரே தலைமேல் வந்து இறங்குகிறது.

ஆயினும் யந்திரம் கொண்டுபோய் விடுவது வாசல் வரைக்குந்தான். நாங்கள் அன்று தேடிய இடம் ஒரு கால்வாய்ப் பாலத்தின் முனையில், நான்கைந்து மரங்களும் இரண்டு ஆசனங்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் கொண்ட சிறிய பூங்கா. எந்தப் பாலம், எந்தப் பூங்கா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதுவது இந்த ஆட்டத்தின் தர்மத்துக்கு விரோதம். கைபேசியின் அம்பு ‘நான்கு மீட்டர்’ என்றது. இரண்டடி வைத்ததும் ‘பதினொன்று’ என்றது. திரும்பினால் ‘ஆறு’ என்றது. சுற்றிலுமுள்ள கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுச் சமிக்ஞை எதிரொலித்து வரும்போது இப்படி ஆவதுண்டு. நண்பர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இனிமேல் கண்ணுக்குத்தான் வேலை” என்று சொல்லி, அசையாமல் நின்றபடி, பூங்காவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். நானோ ஆசனத்தின் அடியிலும், கைப்பிடிச் சுவரின் இடுக்கிலும், கற்களுக்கு நடுவிலும் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழிந்தது. ஒளித்து வைத்தவர் ஒரு வரிக் குறிப்புக் கொடுத்திருந்தார்: முதலில் கல்லைப் படியுங்கள்.

கல் எங்களுக்கு முன்னாலேயே நின்றது. இடுப்பளவு உயரமுள்ள, புதர்ச்செடியின் இலைகள் பாதி மறைத்த, சாம்பல் நிறக் கல். அதன்மேல் செதுக்கியிருந்ததை நண்பர் எனக்கு வாசித்துப் பொருள் சொன்னார். 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10-ஆம் தேதி இரவு விமானங்கள் பொழிந்த நெருப்பில் இறந்துபோனவர்களின் நினைவாக அக்கம்பக்கத்தார் நாட்டிய கல் அது. அந்த ஓர் இரவில் டோக்கியோவின் கீழ்ப்புறப் பேட்டைகள் எரிந்து போயின. மாண்டவர்கள் ஒரு லட்சம் பேர் இருக்கலாம் என்பது கணக்கு. நெருப்புக்கு அஞ்சிக் கால்வாய்களை நோக்கியும் பாலங்களை நோக்கியும் ஓடியவர்களில் எண்ணற்றவர்கள் அங்கேயே உயிர் விட்டார்கள். ஃபுககாவாவைப் பற்றி நான் படித்திருந்த வழிகாட்டிப் புத்தகத்தில் ஆலயம் இருந்தது, தோட்டம் இருந்தது, காப்பிக் கடைகள் இருந்தன. இந்தக் கல் இல்லை. கல்லைப் படித்து முடித்து நிமிரும்போது கண் தானாகவே எந்த இடத்தில் போய் நிற்குமோ அந்த இடத்தில், பாலத்தின் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தில், மற்ற ஆணிக் குமிழ்களோடு ஒரு குமிழாக ஒட்டிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் பருமனில் ஒரு காந்த டப்பி.

உள்ளே சுருட்டி வைத்திருந்த காகிதப் பட்டையை நண்பர் இடுக்கியால் மெல்ல வெளியே எடுத்தார். ஒரு விரல் அகலம், இரண்டு சாண் நீளம். முதல் வரியின் தேதி ஆறு வருஷங்களுக்கு முந்தியது. சிலர் ஜப்பானிய எழுத்திலும் சிலர் ரோமன் எழுத்திலும் பெயரிட்டிருந்தார்கள். ஒருவர் தம் பெயருக்குப் பதிலாகச் சிவப்பு மையில் ஒரு சிறு முத்திரையைப் பதித்திருந்தார். மழை ஈரம் பட்டு நடுவில் நாலைந்து பெயர்கள் நீலமாகக் கரைந்திருந்தன. நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, கையில் நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு மூதாட்டி எங்கள் அருகில் நின்றார். டப்பியை மறைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் நான் கையை மூடினேன். நண்பர் தலைகுனிந்து வணங்கி, நாங்கள் செய்வது இன்னதென்று மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள், “வலப்பக்கத்தில் வைத்தால் மழைத் தண்ணீர் ஒழுகும், இடப்பக்கமாகவே வையுங்கள்” என்று சொல்லிவிட்டு, கல்லை நோக்கி ஒரு நொடி கைகூப்பி, நாயுடன் நடந்து போய்விட்டார்.

அந்த அம்மாள் எத்தனை நாளாக அந்த டப்பியை அறிவாரோ தெரியாது. தம் வீட்டு வாசலில் அந்நியர்கள் வந்து கம்பியைத் தடவுவதை அவர் பார்த்திருக்கிறார், ஏதென்று ஆராய்ந்திருக்கிறார், எடுத்தெறியாமல் விட்டிருக்கிறார், மழையில் நனைகிறதே என்றும் கவலைப்பட்டிருக்கிறார். ஒளித்தவர் ஒருவர், தேடுபவர் ஒருவர் என்று நான் எண்ணியிருந்த இந்த ஆட்டத்தில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவருடைய நல்லெண்ணம் இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் ஆறு நாள்கூடத் தங்காது என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கின. ஜியோகேச்சிங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது விண்கோள்களைப் பற்றியே அதிகம் எழுத எண்ணியிருந்தேன். அவற்றைவிட அந்த அம்மாள் முக்கியமானவர் என்பது இப்போது என் அபிப்பிராயம்.

ஓரிடத்துக்கு வந்துபோனதற்கு அடையாளமாகப் பெயரெழுதி வைப்பதும், முத்திரை பதித்துக்கொள்வதும் ஜப்பானில் மிகப் பழைய சம்பிரதாயங்கள். ஷிகோகு தீவில் கோபோ தாய்ஷி என்று போற்றப்படும் குகாய் துறவியின் பெயரால் 88 ஆலயங்களை வலம்வரும் யாத்திரை ஒன்று உண்டு. சுற்றளவு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆலயத்திலும் யாத்திரிகர் தம் பெயரும் ஊரும் பிரார்த்தனையும் எழுதிய காகிதச் சீட்டொன்றை அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் இடுகிறார். முற்காலத்தில் மரச்சீட்டுகளை ஆலயத் தூண்களில் ஆணியடித்து மாட்டுவார்கள். அதனாலேயே இன்றைக்கும் அந்த ஆலயங்களுக்குச் ‘சீட்டு வைக்கும் இடம்’ என்ற பெயரும், ஓர் ஆலயத்தைத் தரிசிப்பதற்கு ‘அடித்தல்’ என்ற வினைச்சொல்லும் வழங்குகின்றன. முதல் சில முறை வருபவர்களின் சீட்டு வெள்ளை. சுற்றுகள் ஏற ஏறப் பச்சை, சிவப்பு, வெள்ளி, பொன் என்று நிறம் மாறி, 100 முறை சுற்றியவர் சரிகை நெய்த துணிச் சீட்டு இடும் உரிமையைப் பெறுகிறார். பெட்டியில் பிறர் இட்ட சரிகைச் சீட்டு அகப்பட்டால் அதைப் பாக்கியமாகக் கருதி எடுத்துச் செல்வாரும் உண்டு. ரெயில் நிலையங்களிலோ 1931-ஆம் ஆண்டில் ஃபுக்குயி நிலையத்தில் தொடங்கிய வழக்கத்தின்படி, அந்தந்த ஊரின் மலையையோ கோட்டையையோ சித்திரித்த ரப்பர் முத்திரைகள் மேஜைமேல் காத்திருக்கின்றன. குழந்தைகளும் முதியவர்களும் நோட்டுப் புத்தகத்தோடு நின்று பதித்துக்கொள்கிறார்கள். இத்தகைய மக்களிடம் ஒருவர் சென்று, மலைமேல் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களா?

ஆனால் இந்தப் பெயர்களெல்லாம் எந்தப் புள்ளியில் எழுதப்படுகின்றனவோ அந்தப் புள்ளியே ஜப்பானில் நிலைத்து நிற்பதில்லை. வாசகர்கள் இதை உவமையென்று எண்ணிவிட வேண்டாம். நான்கு பாறைத் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் அமைந்த நாடு அது. 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி வடகிழக்குக் கரையை உலுக்கிய பூகம்பத்தில், ஓஷிகா தீபகற்பத்தின் அளவைக் கம்பம் 5.3 மீட்டர் கிழக்கு-தென்கிழக்காக நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், டோக்கியோவில் அஸாபுதாய் என்ற மேட்டில், தேசத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளுக்கெல்லாம் மூலமாகப் பதித்து வைத்த உலோக முளையும் 27 சென்டிமீட்டர் கிழக்கே போய்விட்டது. சட்டத்தில் எழுதியிருந்த அதன் எண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. இன்று ஏறக்குறைய 1,300 அளவைக் கம்பங்கள் நாடெங்கும் நின்று, விண்கோள்களைக் கொண்டு தங்கள் இடத்தைத் தாங்களே ஓயாமல் அளந்துகொண்டிருக்கின்றன. வடகிழக்கில் அப்பூகம்பத்துக்கு முன்பு ஒருவர் பாறையிடுக்கில் ஒரு பெட்டியை வைத்து எண்களைக் குறித்திருந்தால், பாறையும் பெட்டியும் ஏடும் பெயர்களும் ஒருங்கே ஐந்து மீட்டர் போயிருக்கும். காகிதத்திலுள்ள எண்கள் மாத்திரம் பழைய இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வரைபடங்களைக் கையில் வைத்துத் தேடுபவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மெய்ஜி பேரரசரின் காலத்திலிருந்து ஜப்பான் தனக்கென்று ஒரு தனி அளவைமுறையை வைத்திருந்தது. 2002 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் அதை விட்டு உலகப் பொதுமுறைக்கு மாறியது. இரண்டுக்கும் இடையே டோக்கியோ வட்டாரத்தில் உள்ள வித்தியாசம் சுமார் 450 மீட்டர். பழைய எண்களைப் புதிய கருவியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மலையுச்சியில் இருக்க வேண்டிய பெட்டியைப் பள்ளத்தாக்கில் தேட நேரும். அந்தக் காலத்து எளிய கருவிகளைக் கொண்டே இனோ கணித்த ஓர் அட்சப் பாகையின் நீளம் உண்மை அளவிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே பிசகியது என்பதை எண்ணும்போது, ஃபுககாவாவின் சிலைக்கு நண்பர் செலுத்திய வணக்கம் உபசாரத்துக்காகச் செய்ததன்று என்று தெரிகிறது.

பெட்டியே இல்லாத ஒரு வகையும் இந்த ஆட்டத்தில் உண்டு. 2004-இல் ஏற்பட்ட அதற்கு ‘எர்த்கேஷ்’ என்று பெயர். பூமியின் சரித்திரத்தைக் காட்டும் ஓரிடத்துக்குச் சென்று, அங்கே கண்ணால் பார்த்தால்தான் விடை சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஜப்பானைப் போல் இதற்கு வாய்த்த தேசம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. எனக்கு மிகவும் பிடித்தது, ஹியோகோ மாகாணத்தில் தொயோவோகா நகருக்கு அருகில் மருயாமா நதிக்கரையிலுள்ள கென்புதோ குகை. பதினாறு லட்சம் வருஷங்களுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறித் துண்டுபட்டு, அறுகோணத் தூண்களாக, யாரோ சிற்பிகள் செதுக்கி அடுக்கியது போல் சுவர் முழுவதும் நிற்கிறது. கருங்கல்லின் ஒரு ஜாதிக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் பெயரே இந்தக் குகையின் பெயரிலிருந்து வந்தது. 1926-இல் மத்சுயாமா மோத்தோநோரி என்ற விஞ்ஞானி இக்கல்லில் உறைந்திருந்த காந்தத் திசையை அளந்து பார்த்து, அது இன்றைய திசைக்கு நேர்மாறாக இருக்கக் கண்டார். அக்கல் உருகி ஆறிய காலத்தில் திசைகாட்டியின் முள் இருந்திருக்குமாயின் அது தெற்கைக் காட்டியிருக்கும். பூமியின் காந்த துருவங்கள் இடம் மாறியிருக்கின்றன என்ற முடிவை அவர் 1929-இல் வெளியிட்டபோது நம்பியவர்கள் மிகச் சிலர். பிற்பாடு உலகம் ஒப்புக்கொண்டு, கடைசியாகத் துருவங்கள் தலைகீழாக இருந்த நெடுங்காலத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறது. திசைகாட்டியை நம்பிப் பெட்டி தேடும் ஒருவர் அந்தத் தூண்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

போகிறவர்கள் சில காரியங்களை அறிந்து போவது நல்லது. மழைக்காலமாகிய ஜூனிலும் ஜூலையின் முற்பாதியிலும் டப்பிகளுக்குள் ஈரம் புகுந்து ஏடு நைந்து போகும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை மலைகளில் பெருங்குளவிகள் மூர்க்கமாயிருக்கும். கரடிகள் நடமாடும் காடுகளுக்குள் செல்பவர்கள் இடுப்பில் ஒரு மணியைக் கட்டிக்கொண்டு ஓசையெழுப்பியபடி நடப்பார்கள். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியும் குளிர்காலத்தின் தொடக்கமுமே தேடுவதற்கு உகந்தவை. வானம் தெளிந்து, புதர் அடங்கி, மரப்பொந்துகள் கண்ணுக்குத் தெரியும். இவற்றைவிட முக்கியமானது மனிதர்களுக்கு அச்சம் விளைவிக்காமலிருப்பது. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரெயிலில் விஷவாயு வைத்த கொடுமைக்குப் பிறகு, சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் உடனே தெரிவியுங்கள் என்ற அறிவிப்பு ரெயில் நிலையங்களில் ஒலித்தவண்ணம் இருக்கிறது. பொது இடங்களிலிருந்த குப்பைத் தொட்டிகளில் பெரும்பாலானவற்றை அகற்றியும் விட்டார்கள். நிலையத்தின் ஓரத்தில் குனிந்து இடுக்கில் கைவிடும் அந்நியனைப் பார்த்து ஒருவர் கலவரமடைந்தால் அவர்மேல் குற்றமில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆலய வளாகங்களில் அனுமதியின்றி எதையும் வைக்கவும் கூடாது, ஒரு கல்லையும் புரட்டவும் கூடாது. தெருவோரத்தில் சிவப்புத் துணி கட்டி நிற்கும் ஜீஸோ என்னும் போதிசத்துவரின் சிலைகளுக்குப் பின்னால் கை விடுவதைப் போல் அவ்வூராரின் மனத்தைப் புண்படுத்துவது வேறில்லை.

போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது இந்த ஆட்டக்காரர்கள் உலகெங்கும் மேற்கொள்ளும் விரதம். தொட்டியில்லாத ஜப்பானில் தம் குப்பையைத் தாமே வீட்டுக்குச் சுமந்து செல்வது எல்லாருக்கும் வழக்கமாதலால், அங்கே அந்த விரதத்தைத் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று மாலை வரையில் நாங்கள் ஒன்பது டப்பிகளைத் தேடினோம், ஏழு கிடைத்தன, நண்பரின் பையில் சோற்று உருண்டைகள் இருந்த இடத்தில் மூன்று காலிப் புட்டிகளும் ஒரு கிழிந்த குடைத்துணியும் இருந்தன. ஏழு இடங்களில் ஒன்று, நடுவில் ஒரு மரம் மாத்திரம் எஞ்சிய பழைய மைல்கல் மேடு. ஒன்று, படகுக்காரர்கள் வணங்கிய கைப்பிடியளவுச் சன்னிதி. ஒன்று, மேம்பாலத்தின் கீழ் மூன்று தலைமுறையாகத் துடைப்பம் கட்டும் ஒரு கடையின் எதிர்ப்புறம். ஒருவருடைய முகத்தையும் நாங்கள் பார்க்கவில்லை. ஆயினும் தமக்குப் பிரியமான ஓரிடத்தை அந்நியன் ஒருவன் வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஏழு பேருக்கு நாங்கள் அன்று விருந்தாளிகளாக இருந்தோம். கிடைக்காத இரண்டைப் பற்றி நண்பர் கவலைப்படவில்லை. அவற்றை வைத்தவர்களுக்கு, பெட்டியைக் காணவில்லை, போய்ப் பாருங்கள் என்று குறிப்பெழுதி அனுப்பினார்.

ஜப்பானுக்குச் செல்லும் வாய்ப்பு வாசகர்களில் யாருக்கேனும் கிட்டுமானால், ஃபூஜி மலையையும் கியோத்தோவின் ஆலயங்களையும் பார்த்த பிறகு ஒரே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டுகிறேன். ஏதேனும் ஒரு சிறிய ரெயில் நிலையத்தில் இறங்கி, அருகிலுள்ள புள்ளி எது என்று பார்த்து நடந்தால் போதும். பையில் பென்சில் ஒன்றை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். சிறு டப்பிகளில் பென்சில் வைக்க இடமில்லை, பேனா மையோ மழையில் கரைந்துவிடும்.